மிளகு போன கிடங்கில் கலை: கூரை யாருக்குச் சொந்தம்?

புது தில்லி: ஒரு காலத்தில் ஏற்றுமதிச் சரக்கு அடுக்கி வைக்கப்பட்டிருந்த கிடங்கின் தரையில் கடல் நீரைத் தேக்கி, அதில் மக்களை நடக்க வைத்தார் ஒரு கவிஞர். கேரளத்தின் ஃபோர்ட் கொச்சியில் 2016 டிசம்பரில் தொடங்கிய கலைக் கண்காட்சியில், சிலி நாட்டுக் கவிஞர் ரவுல் சூரிட்டா அமைத்திருந்த காட்சி அது.

காலணியைக் கழற்றி, வேட்டியையும் புடவையையும் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் பார்வையாளர்கள் தண்ணீருக்குள் இறங்க வேண்டியிருந்தது. 2015இல் துருக்கிக் கடற்கரையில் ஒதுங்கிய சிரியச் சிறுவன் ஆலன் குர்தியின் புகைப்படத்தை உலகமே பார்த்தது. அதே படகில் சென்று மூழ்கிய அவன் அண்ணன் காலிப்பை அப்படி யாரும் பார்க்கவில்லை. அந்த அண்ணனுக்காகத்தான் சூரிட்டா இந்தத் தண்ணீரைத் தேக்கியிருந்தார்.

பளிங்குத் தரையும் குளிர்சாதன வசதியும் கொண்ட எந்த அருங்காட்சியகமும் தன் கூடத்தில் கடல் நீரைத் தேக்க அனுமதிக்காது. மூட்டையும் ஈரமும் உப்புக்காற்றும் பார்த்துப் பழகிய கிடங்கு அதை அனுமதித்தது. கொச்சி-முசிறிஸ் பினாலே என்ற பெயரில் 2012 முதல் நடந்துவரும் கண்காட்சியின் பலம் இதில் அடங்கியிருக்கிறது. அதன் பலவீனமும் இங்கேயே இருக்கிறது. அந்தத் தரை கலைக்குச் சொந்தமானதல்ல, இரவல் பெற்றது.

கிடங்கு வந்த கதை: ஆஸ்பின்வால் மாளிகை என்று அழைக்கப்படும் இந்த வளாகம் கடலைப் பார்த்தபடி அமைந்துள்ளது. ஜான் ஆஸ்பின்வால் என்ற ஆங்கிலேய வணிகர் 1867இல் தொடங்கிய நிறுவனத்தின் தலைமையிடமாக இது விளங்கியது. தேங்காய் எண்ணெய், மிளகு, மரம், எலுமிச்சைப்புல் தைலம், இஞ்சி, மஞ்சள், தோல் ஆகியவற்றில் வணிகம் நடத்திய அந்நிறுவனம், பின்னர் கயிறு, காபி, தேயிலை, ரப்பர் என விரிந்தது. அலுவலகக் கட்டடங்கள், அதிகாரி குடியிருந்த பங்களா, வரிசையாகக் கிடங்குகள் ஆகியவை ஒரே சுற்றுச்சுவருக்குள் அமைந்துள்ளன.

இங்கிருந்து மட்டாஞ்சேரி செல்லும் கல்வத்தி சாலையில் 'பெப்பர் ஹவுஸ்' இருக்கிறது. தெருவைப் பார்த்து ஒன்று, நீரைப் பார்த்து ஒன்று என இரண்டு கட்டடங்கள். நடுவே பெரிய முற்றம். மேலே டச்சு பாணி ஓட்டுக்கூரை. ஒரு காலத்தில் சரக்கு இறங்கிய அந்த இடம் பின்னாளில் நூலகமாகவும், கலைஞர்கள் தங்கிப் பணியாற்றும் கூடமாகவும் மாறியது.

இந்தக் கிடங்குகள் ஏன் காலியாயின என்பதற்கு விடை துறைமுகத்தில் இருக்கிறது. பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ 1920களில் கொச்சித் துறைமுக வாயிலில் இருந்த மணல்திட்டை வெட்டி ஆழப்படுத்தினார். 1928 மே 26 அன்று 'பத்மா' என்ற நீராவிக் கப்பல் உள்துறைமுகத்துக்குள் நுழைந்தது. தோண்டி எடுத்த மண்ணைக் கொட்டி வில்லிங்டன் தீவு உருவாக்கப்பட்டது. பெரிய கப்பல்கள் அங்கே கரையணைந்தன. கடைசியாக, 2011 பிப்ரவரியில் வல்லார்பாடத்தில் சரக்குப்பெட்டக முனையம் திறக்கப்பட்டது. சரக்கு பெட்டகத்துக்குள் போன பிறகு, மூட்டையாக அடுக்கிவைக்கப் பெரிய கிடங்கு தேவைப்படவில்லை.

வணிகம் இடம் மாறியது. சுவர்கள் நின்றன.

முசிறி என்ற பெயர்: கண்காட்சியின் பெயரில் உள்ள 'முசிறிஸ்' தமிழ் வாசகருக்குப் புதிதல்ல. யவனர் கலங்கள் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பிய துறைமுகம் என்று சங்கப் பாடல்கள் கூறும் முசிறியே அது. சேரர் துறைமுகமான முசிறி, 1341இல் பெரியாற்றில் ஏற்பட்ட பெருவெள்ளத்தால் தூர்ந்ததாகவும், அதே வெள்ளம் கொச்சித் துறைமுக வாயிலைத் திறந்துவிட்டதாகவும் கருதப்படுகிறது. கொச்சிக்கு வடக்கே பரவூர் அருகில் உள்ள பட்டணம் என்ற ஊரில், கேரள வரலாற்று ஆய்வுக் கழகம் 2007 முதல் அகழாய்வு நடத்தியது. மத்தியதரைக்கடல் நாடுகளிலிருந்து வந்த மதுச்சாடிகளின் ஓடுகள் அங்கே கிடைத்தன. முசிறி அங்கேதான் இருந்தது என்பது அகழாய்வாளர்களின் கருத்து.

அகழாய்வில் கழித்து வைக்கப்பட்ட மட்பாண்ட ஓடுகளைப் பெற்று, ஓவியர் விவான் சுந்தரம் 2012ஆம் ஆண்டு முதல் பதிப்பில் ஒரு படைப்பை உருவாக்கினார். தரையில் பரப்பப்பட்ட அந்த ஓடுகள் அழிந்த ஒரு நகரத்தை மேலிருந்து பார்ப்பதுபோல் காட்சியளித்தன. அதற்கு அவர் வைத்த பெயர் 'கறுப்புத் தங்கம்'. மிளகுக்கு வணிகர்கள் இட்ட பெயர் அது. மிளகு வணிகம் நடந்த ஆஸ்பின்வால் வளாகத்திலேயே அது வைக்கப்பட்டது.

இதேபோல், கேரளப் படகு ஒன்றில் கட்டில், பாத்திரம், மூட்டை என ஒரு வீட்டின் பொருள் அனைத்தையும் ஏற்றிச் சாய்த்து நிறுத்தினார் சுபோத் குப்தா. 2014இல் அனிஷ் கபூர், கடலை ஒட்டிய அறையின் தரையில் ஓயாமல் சுழலும் நீர்ச்சுழியை உருவாக்கினார். 2018இல் தென்னாப்பிரிக்க கலைஞர் சூ வில்லியம்சன், டச்சுக்காரர்கள் இந்தியாவில் விலைக்கு வாங்கிக் கேப்டவுனுக்கு அடிமைகளாகக் கொண்டுசென்ற மனிதர்களின் பெயர்களைப் பருத்தித் துணிகளில் எழுதித் தொங்கவிட்டார். இந்தக் கரையிலிருந்து மிளகு மட்டும் கப்பலேறவில்லை என்பதை அந்தத் துணிகள் நினைவூட்டின.

புதிதாகக் கட்டிய வெள்ளைச் சுவர்க் கூடத்தில் இவற்றை வைத்திருந்தால் பாதிப் பொருள் போயிருக்கும். கட்டடமும் படைப்பில் ஒரு பகுதியாக இருந்தது.

ரூ.5 கோடியும் ஒரு சர்ச்சையும்: கேரளத்தில் அப்போது கலாசார அமைச்சராக இருந்த எம்.ஏ.பேபி, சர்வதேச அளவில் ஒரு கலைத் திட்டத்தைத் தொடங்குமாறு மும்பையில் வசித்த கேரள ஓவியர்கள் போஸ் கிருஷ்ணமாச்சாரி, ரியாஸ் கோமு இருவரையும் 2010இல் கேட்டுக்கொண்டார். இத்தாலியில் 1895 முதல் நடைபெறும் வெனிஸ் பினாலே அதற்கு முன்மாதிரி. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்பதே பினாலே என்ற இத்தாலியச் சொல்லின் பொருள்.

மாநில அரசு ரூ.5 கோடி வழங்கியது. 2011இல் ஆட்சி மாறியது. பணம் செலவான விதம் குறித்துக் கேள்வி எழுந்தது. உள்ளூர்க் கலைஞர்களில் ஒரு பிரிவினரும் எதிர்த்தனர். மேற்கொண்டு நிதி வருவது தாமதமானது. ஆயினும் 2012 டிசம்பர் 12 அன்று கண்காட்சி தொடங்கியது. தொடக்க நாளில் பல அறைகளில் பணி முடியவில்லை; ஆணி அடிக்கும் ஓசை கேட்டுக்கொண்டிருந்தது.

அந்தப் பதிப்புக்குச் சுமார் 4 லட்சம் பேரும், 2018 டிசம்பரில் தொடங்கிய நான்காம் பதிப்புக்கு 6 லட்சம் பேரும் வந்ததாக ஏற்பாட்டாளர்கள் தெரிவித்தனர். 2018 ஆகஸ்டில் பெருவெள்ளத்தில் மாநிலமே நிலைகுலைந்த நான்கு மாதங்களில் அந்த நான்காம் பதிப்பு நடத்தப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது. அதில் இடம்பெற்றவர்களில் ஒருவர் பாபி தாஸ். கொல்கத்தாவில் ஆட்டோ ஓட்டிய அவர், சாலையில் கண்டதை நுண்ணிய நூல் வேலைப்பாட்டில் வரைந்திருந்தார்.

வந்தவர்களில் பெரும்பாலோர் ஓவியக்கூடங்களுக்குப் போய்ப் பழகியவர்கள் அல்லர். பள்ளிக் குழந்தைகள், படகில் வந்த குடும்பங்கள், மீனவர்கள், சுமைத் தொழிலாளர்கள் ஆகியோர் அவர்களுள் அடங்குவர். அருங்காட்சியக வாசலில் தயங்கி நிற்கும் கால், கிடங்கு வாசலில் தயங்குவதில்லை. அது அவர்களுடைய தந்தையரும் பாட்டன்மாரும் கூலிக்குச் சென்ற வாசல்.

தில்லியின் அனுபவம்: இதே காலகட்டத்தில் தலைநகரில் நடந்ததையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். மத்திய அரசின் நவீன ஓவியக் கூடம் 1954 மார்ச் 29 அன்று தொடங்கப்பட்டது. அதற்கு அளிக்கப்பட்ட இடம் ஜெய்ப்பூர் மன்னரின் தில்லி மாளிகை. 1996இல் மும்பையில் அதன் கிளைக்குக் கிடைத்தது கவாஸ்ஜி ஜஹாங்கீர் மண்டபம். 2009இல் பெங்களூரில் மாணிக்கவேலு மாளிகை. அரண்மனையும் செல்வந்தர் மாளிகையும் அரசுக்கு உடனே கண்ணில் படுகின்றன. ஆலையும் கிடங்கும் படுவதில்லை.

லலித் கலா அகாதெமி 1968இல் எழுத்தாளர் முல்க் ராஜ் ஆனந்தின் முயற்சியால் தில்லியில் 'டிரையினாலே' என்ற பெயரில் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் சர்வதேசக் கண்காட்சியைத் தொடங்கியது. அது 2005இல் பதினோராவது பதிப்போடு நின்றது. 2023 டிசம்பரில் மத்திய கலாசார அமைச்சகம் செங்கோட்டையில் கலை, கட்டடக்கலை, வடிவமைப்பு பினாலேயை நடத்தியது. பிரதமர் தொடங்கி வைத்தார்.

தில்லியில் கட்டடத்துக்கும் குறைவில்லை, பணத்துக்கும் குறைவில்லை. தொடர்ச்சி இல்லை. கொச்சியில் தொடர்ச்சிக்கான முனைப்பு இருக்கிறது. காலடியில் உறுதியான நிலம் இல்லை.

மழை நீர் ஒழுகிய ஆண்டு: இரவல் இடத்தின் விலை என்ன என்பது 2022இல் தெரிந்தது. கொரோனாவால் தள்ளிப்போன ஐந்தாம் பதிப்பு 2022 டிசம்பர் 12 அன்று தொடங்கும் என அறிவிக்கப்பட்டிருந்தது. உலகின் பல பகுதிகளிலிருந்து கலைஞர்களும் பார்வையாளர்களும் வந்து சேர்ந்தனர். தொடக்கத்துக்கு முந்தைய நாள், முக்கியக் கூடங்கள் டிசம்பர் 23 அன்றுதான் திறக்கும் என்று அறிவிப்பு வந்தது.

பங்கேற்ற கலைஞர்கள் பலர் கையொப்பமிட்டு வெளிப்படையாகக் கடிதம் எழுதினர். படைப்புகள் உரிய நேரத்தில் வந்து சேரவில்லை, கூடங்களில் மழை நீர் ஒழுகியது, மின்சாரம் சீராக இல்லை, கருவிகள் போதவில்லை, தகவலும் முறையாகத் தரப்படவில்லை என்பவை அவர்களின் குறைகள். பருவம் தவறிய மழையும் இட ஏற்பாட்டில் நேர்ந்த தாமதமும் ஏற்பாட்டாளர்கள் கூறிய காரணங்களில் அடங்கும்.

இதில் நிர்வாகத்தின் பொறுப்பை மறுக்க முடியாது. அதே வேளையில் இன்னொரு கணக்கையும் பார்க்க வேண்டும். முதல் பதிப்புகளின்போது ஆஸ்பின்வால் வளாகம் டி.எல்.எஃப். என்ற கட்டுமான நிறுவனத்திடம் இருந்தது. அந்நிறுவனமும் குஜ்ரால் அறக்கட்டளையும் ஒத்துழைத்ததால்தான் கண்காட்சிக்கு இடம் கிடைத்தது. மூன்று, நான்கு மாதங்களுக்குக் கிடைக்கும் கட்டடத்தின் கூரையை யார் பழுதுபார்ப்பது? அடுத்த முறை கிடைக்குமா என்று தெரியாத சுவரில் நிரந்தர மின் இணைப்புக்கு யார் செலவிடுவது? ஓடு மாற்றுவதற்குக்கூட உரிமை வேண்டும். உரிமை இல்லாத இடத்தில் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

லண்டனில் தேம்ஸ் நதிக்கரையில் 1981இல் மூடப்பட்ட மின்நிலையம், 2000 மே மாதம் 'டேட் மாடர்ன்' கலைக்கூடமாகத் திறக்கப்பட்டது. மின்னாக்கிகள் இருந்த பெருங்கூடம் அப்படியே காட்சிக்கூடமானது. ஆனால் அங்கே கட்டடமே நிறுவனத்தின் கைக்கு வந்தது. கலைஞர்கள் வருவதற்கு முன்பே கூரை சீராகியிருந்தது.

சட்டம் சொல்வது என்ன: தொல்பொருள் சின்னங்கள் தொடர்பான 1958ஆம் ஆண்டின் மத்தியச் சட்டப்படி, குறைந்தது 100 ஆண்டு பழமை உள்ள கட்டடமே பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கப்பட முடியும். அப்படி அறிவிக்கப்பட்டவை நாட்டில் சுமார் 3,700. கோட்டை, கோயில், மசூதி, கல்லறை ஆகியவையே அவற்றில் மிகுதி. ஆலைப் புகைபோக்கியும் துறைமுகக் கிடங்கும் அரிது. அறிவித்தாலும் சிக்கல் தீராது. சின்னத்தைக் காப்பதற்கான சட்டம், அதற்குள் ஆணி அடிக்கவும் தண்ணீர் தேக்கவும் இடம் தராது.

அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில், தேசிய முக்கியத்துவம் வாய்ந்தவை என நாடாளுமன்றம் அறிவித்த சின்னங்கள் மத்தியப் பட்டியலில் 67ஆம் இனமாக உள்ளன. மற்ற சின்னங்களும் மாநில அருங்காட்சியகங்களும் மாநிலப் பட்டியலில் 12ஆம் இனமாக உள்ளன. ஆக, ஆஸ்பின்வால் போன்ற இடத்துக்கு என்ன செய்வது என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டியது மாநிலம். துறைமுகம், கடலோரம் என்று வரும்போது மத்திய அரசின் கையும் அதில் இருக்கும்.

தனியார் நிதிக்கு வழி உண்டா என்றால், அங்கும் ஓர் இடைவெளி தெரிகிறது. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஈட்டும் நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். எந்தெந்தப் பணிகள் என்பதைச் சொல்லும் அந்தச் சட்டத்தின் ஏழாவது அட்டவணை, தேசியப் பாரம்பரியம், கலை, பண்பாடு ஆகியவற்றைப் பாதுகாப்பதையும், வரலாற்று முக்கியத்துவமுள்ள கட்டடங்களைச் சீரமைப்பதையும், மரபுக் கலைகளையும் கைவினைகளையும் வளர்ப்பதையும் குறிப்பிடுகிறது. இன்றைய கலையை வளர்ப்பது என்ற சொல் அதில் இல்லை. பழையதைக் காப்பாற்றக் கேட்டால் பணம் கேட்க எளிது. புதியதை உருவாக்கக் கேட்டால் விளக்கம் சொல்ல வேண்டும். பழைய கிடங்கில் புதிய கலை என்பது இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.

மும்பை காட்டும் மாற்று வழி: இப்படி எதுவும் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு மும்பையே சான்று. 1982 ஜனவரியில் தொடங்கிய பெரும் வேலைநிறுத்தத்துக்குப் பின் அங்கே பருத்தி ஆலைகள் ஒவ்வொன்றாக நின்றன. ஆலை நிலத்தில் எவ்வளவு பங்கைப் பொதுவெளிக்கும் மலிவு வீடுகளுக்கும் ஒதுக்குவது என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை வந்தது. 2006இல் வெளியான தீர்ப்பு ஆலை உரிமையாளர்களுக்குச் சாதகமாக அமைந்தது. அதன் பிறகு வானுயர்ந்த குடியிருப்புகளும் வணிக வளாகங்களும் எழுந்தன. பீனிக்ஸ் ஆலையின் புகைபோக்கியை இன்று கடைகளுக்கு நடுவே பார்க்கலாம்.

கேரளத்திலேயே வேறு விதமாகவும் நடந்திருக்கிறது. 2021இல் ஆலப்புழையில் கயிறு நிறுவனங்களின் பழைய கட்டடங்களில் 267 கலைஞர்களின் படைப்புகள் 'லோகமே தறவாடு' என்ற தலைப்பில் வைக்கப்பட்டன. உலகமே ஒரு குடும்ப வீடு என்பது அதன் பொருள். கேரள வேர் கொண்ட கலைஞர்கள் மட்டுமே பங்கேற்ற காட்சி அது. காலிக் கிடங்கு ஒவ்வொன்றும் கலைக்கூடமாக வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ஊருக்கு ஒன்றாவது நிலைக்க வேண்டும் என்பதே கோரிக்கை.

செய்யக்கூடியது என்ன: வளாகத்தை மாநில அரசே கையகப்படுத்தலாம். அதற்கு முடியாவிட்டால், 30 ஆண்டுக் குத்தகையை உறுதிசெய்து தரலாம். சீரமைப்புச் செலவுக்குக் கம்பெனிகள் சட்டத்தின் வரையறையை விளக்கி, இன்றைய கலையும் அதில் அடங்கும் என்று மத்திய அரசு தெளிவுபடுத்தலாம். பதிலுக்கு, அறக்கட்டளையின் கணக்கு வழக்குகளும் தொழிலாளர், ஒப்பந்ததாரர் நிலுவைகளும் பொதுத் தணிக்கைக்கு உட்பட வேண்டும். பொதுப் பணமும் பொது இடமும் பெறுவோர் பொதுவில் பதில் சொல்வதே முறை.

ஆறாவது பதிப்பு 2025 டிசம்பர் 12 அன்று தொடங்கி 2026 மார்ச் 31 வரை நடைபெறும் என அறிவிக்கப்பட்டது. கலைஞர் நிகில் சோப்ரா குழுவினர் அமைத்த அந்தப் பதிப்பு, மட்டாஞ்சேரியின் ஆனந்த் கிடங்கு, வில்லிங்டன் தீவின் கிடங்கு எனப் பரவியது. எந்தத் தீவு ஃபோர்ட் கொச்சிக் கிடங்குகளைக் காலியாக்கியதோ, அந்தத் தீவிலும் இப்போது காலிக் கிடங்கு இருக்கிறது.

ஆனந்த் கிடங்கில் கானா நாட்டுக் கலைஞர் இப்ராஹிம் மஹாமா, பழைய சணல் சாக்குகளைத் தைத்துச் சுவர்களை மறைத்து, பழைய நாற்காலிகளை வரிசையாகப் போட்டு ஓர் அவையை அமைத்தார். அதற்கு அவர் இட்ட பெயர் 'ஆவிகளின் நாடாளுமன்றம்'. சரக்கைச் சுமந்த சாக்கும், அதைத் தூக்கிய மனிதர்களின் நினைவும்தான் அந்த அவையின் உறுப்பினர்கள். பார்க்க வந்தவர்கள் அந்த நாற்காலிகளில் அமர்ந்து பேசினர்.

தில்லியில் உள்ள நாடாளுமன்றத்தில் கலாசார அமைச்சகத்தின் மானியக் கோரிக்கை பெரும்பாலான ஆண்டுகளில் விவாதமின்றியே நிறைவேறிவிடுகிறது. நேரம் முடிந்ததும் மீதமுள்ள கோரிக்கைகளோடு சேர்த்து மொத்தமாக வாக்குக்கு விடப்படும் பட்டியலில் அதுவும் போய்விடும். கிடங்கின் கூரையைப் பற்றிய கேள்வி அங்கே எழுவதற்கு ஓர் உறுப்பினர் எழுந்து நிற்க வேண்டும்.

சூரிட்டா தேக்கிய தண்ணீர் 2017 மார்ச் மாதக் கடைசியில் கண்காட்சி முடிந்ததும் வெளியேற்றப்பட்டது. தரை காய்ந்தது. அது மறுபடியும் வெறும் கிடங்கானது. அடுத்த கவிஞர் வரும்போது அதே தரை அவருக்காகக் காத்திருக்குமா என்பதை அவர் தீர்மானிக்க முடியாது. தீர்மானிக்க வேண்டியவர்கள் திருவனந்தபுரத்திலும் தில்லியிலும் இருக்கிறார்கள்.